முதுகு மட்டும் தெரியுற ஆள்

அண்ணாச்சி, கோச்சுக்கிடாதீய. இப்ப ஒரு வீடியோ பாத்தீயள்லா, அத ஒருக்கா திருப்பிப் போடுங்க. பட்டுச்சேலை கட்டின பிள்ளை ஒண்ணு, கீழ விழுந்து கிடக்குற பெரிய மனுசர் நெஞ்சுல கைய வச்சி அமுக்குதுல்லா, அதுதான். ஆங், இந்த இடம். நிறுத்துங்க. முன்னாடி வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தன் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கான் பாருங்க. கையில தட்டு. தட்டுல கேசரி.

அது நான்தான்.

சத்தியமா அண்ணாச்சி. வேணும்னா திரும்பி உக்காருதேன், ஒப்பிட்டுப் பாத்துக்கிடுங்க. சட்டைதான் வேற. அந்தச் சட்டைய இனிமே போடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டா. முதுகு அதே முதுகு.

பத்தொம்பது லட்சம் பேரு பாத்திருக்காவ. பத்தொம்பது லட்சம்! நாலு வருசமா இந்த மூஞ்சிய வச்சி நான் என்னென்ன கூத்தெல்லாம் கட்டியிருக்கேன் தெரியுமா? ஒருநாளும் இவ்வளவு பேரு பாத்தது கிடையாது. முதுகக் காட்டின உடனே ஊரே பாக்குது. அதுலயும் கமெண்ட்டப் படிச்சிப் பாருங்க. "யாருல அந்தக் கேசரி? ஒதுங்குல, மறைக்காத." அதுக்கு நாலாயிரம் லைக்கு. நியாயமாச் சொல்லுங்க, அந்த மனுசரக் காப்பாத்தினதுல பாதிப் பங்கு எனக்கு உண்டு. ஆனா பேரு? கேசரி.

தென்காசிக்கா போறீய? நானும் அங்கதான். அப்ப பஸ்சு போய்ச் சேர நேரம் கிடக்கு, முழுசாச் சொல்லுதேன்.

என் பேரு பால்வண்ணன். பாளையங்கோட்டையில செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். உங்க போன்லயும் மூலையில ஒரு கீறல் கிடக்கு, ஒருநாள் கொண்டாங்க, பாத்துத் தாரேன். கடையோட சேத்து 'வண்ணன் வம்பு'ன்னு ஒரு பக்கமும் நடத்துதேன். முப்பத்தெட்டாயிரம் பேரு பின்தொடருதாவ. ஊருக்குள்ள நடந்து போனா நாலு பேராவது "வண்ணா!"ன்னு கூப்பிடுவாவ. இப்ப நாப்பது பேரு "கேசரி!"ன்னு கூப்பிடுதாவ, அது வேற விசயம்.

போன வருசம் ஆவணியில எங்கயோ ஒரு ஊர்ல, ஜிம்முல ஒரு பய எடை தூக்கும்போதே சுருண்டு விழுந்துட்டான்னு நியூஸ் வந்துச்சு. உடனே ஆளாளுக்கு சி.பி.ஆர்., சி.பி.ஆர்.னு ரீல்ஸ் போட ஆரம்பிச்சிட்டாவ. நின்ன இதயத்த அமுக்கி ஓட வைக்கிற முதலுதவி இருக்குல்லா, அது. ஊரே போடும்போது நாம சும்மா இருந்தா என்ன மரியாதை? என் சேக்காளி மாசானத்தக் கடைக் கவுண்டர் மேல படுக்கப் போட்டு, மாவு பிசையுத மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினேன். அவன் டக்குன்னு கண்ண முழிச்சி, "ரெண்டு பரோட்டா, சால்னா தனியா"ங்கான். அவ்வளவுதான் வீடியோ. ஆறு லட்சம் பேரு பாத்தாவ. எங்க வீட்டுல எங்க அம்மா கூட சிரிச்சா.

மறுநாள் ஒரு கமெண்ட்டு. ஜெபக்கனின்னு பேரு. "தம்பி, நீங்க அமுக்கினது வயித்த. நெஞ்சு அதுக்கு மேல இருக்கு. முழங்கைய வேற மடக்குதிய. நல்லா இருக்குற ஆள இப்படி அமுக்கவே கூடாது. இதப் பாத்து நாளைக்கு ஒருத்தன் செஞ்சா ஒரு உசிரு போயிரும்."

இது என்ன பெரிய கமெண்ட்டுன்னு விட்டுட்டேன் அண்ணாச்சி. சாயந்திரம் பாத்தா அதுக்குப் பதினோராயிரம் லைக்கு. என் பக்கத்துல, என் வீடியோவுக்குக் கீழ! என் வீட்டுக்குள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்து என் சோத்தத் தின்ன மாதிரில்லா இருக்கு? கோவம் வருமா வராதா? "அக்கா, ஓசியில விளம்பரமா?"ன்னு போட்டேன். அதுக்கு அந்தம்மா கோவப்படவே இல்ல. "ஆமா தம்பி. சனிக்கிழமை காலையில ஏழு மணி, பெருமாள்புரம் பூங்கா. ரெண்டே ரெண்டு நிமிசம் நிறுத்தாம அமுக்கிக் காட்டுங்க. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு நானே வீடியோ போடுதேன்."

ரெண்டு நிமிசம்! நான் ஒரு நாளைக்கு எத்தனை ஸ்க்ரூ திருகுதேன். இந்தக் கைக்கு ரெண்டு நிமிசம் ஒரு விசயமா? மாசானத்தக் கூட்டிக்கிட்டு, லைவ் போடச் சொல்லி, தலையெல்லாம் படிய வாரிப் போனேன்.

போயிப் பாத்தா அங்க இருந்ததே அஞ்சு பேரு. அதுலயும் ஒருத்தர் நடைக்கு வந்தவர், ஷூ கயிறு கட்ட உக்காந்திருந்தார். ஜெபக்கனி அக்காவுக்கு ஒரு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில அவசர வார்டு நர்சு. டூட்டி முடிஞ்சி அப்படியே வந்திருக்காவ, கண்ணெல்லாம் செவந்து போய்க் கிடக்கு. தரையில ஜமுக்காளம். அதுல ரெண்டு பொம்மை. இடுப்புக்கு மேலதான் உண்டு, காலு கிடையாது. நெஞ்சுக்குள்ள ஒரு ஸ்பிரிங்கு. சரியான ஆழத்துக்கு அமுக்குனா 'டக்'குன்னு சத்தம் வரும். சரியா அமுக்கலைன்னா வராது.

எனக்கு வரல.

முதல்ல பொம்மை ரிப்பேர்னுதான் நினைச்சேன். "அக்கா, இது சவுண்டு போயிருக்கும் போல, கடைக்குக் கொண்டாங்க பாப்போம்"னேன். "முழங்கைய நீட்டுங்க தம்பி. கையால அமுக்காதீய, உடம்பால அமுக்குங்க"ன்னாவ. நீட்டினேன். இருபது செகண்டு ஆச்சு, நாப்பது செகண்டு ஆச்சு. தோளு பிடுங்கிக்கிட்டு வருது, வேர்வை பொம்மை மூஞ்சியில சொட்டுது. ஒரு நிமிசம் பத்து செகண்டுல அப்படியே பொம்மை மேல கவுந்துட்டேன். லைவுல ரெண்டாயிரத்து எண்ணூறு பேரு. ஒருத்தன் போடுதான், "இப்ப ரெண்டு பேருக்கும் சி.பி.ஆர். வேணும்"னு.

காலையில சாப்பிடாமப் போயிட்டேன் அண்ணாச்சி, அதான். இல்லன்னா செஞ்சிருப்பேன்.

அப்புறம் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை வந்து முட்டி போட்டுச்சு. 'டக்', 'டக்', 'டக்'. சுவர்க்கடிகாரம் மாதிரி. ரெண்டு நிமிசம் முடிஞ்சி, நெத்தி முடிய ஒதுக்கிக்கிட்டு, "அக்கா, இன்னொரு ரவுண்டு போடட்டா?"ன்னு கேக்குது. எனக்கு இருந்த எரிச்சல்ல அது யாரு எவருன்னு மூஞ்சியக் கூட நான் நிமிந்து பாக்கல.

அக்கா என்னயக் கேலி பண்ணுவாவன்னு நினைச்சேன். பண்ணல. ஒரு ஓரமாக் கூட்டிட்டுப் போயி, "தம்பி, எனக்கு இருநூத்துப் பன்னெண்டு பேரு. அதுல பாதி எங்க சர்ச்சு ஆளுவ. உங்களுக்கு முப்பத்தெட்டாயிரம். எனக்குத் தெரிஞ்சத உங்க வாயால சொல்லுதியளா?"ன்னாவ. "எதுக்கு அக்கா இவ்வளவு பாடு?"ன்னு கேட்டேன். கழுத்துல கிடந்த ஆஸ்பத்திரி அட்டையக் கழட்டிப் பையில போட்டாவ. அப்புறம் சொன்னாவ. "இருபது வயசு, இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடி வாராவ தம்பி. சுத்தி பத்துப் பேரு நின்னிருப்பாவ. தண்ணி தெளிச்சிருப்பாவ, கையில சாவிக்கொத்தத் திணிச்சிருப்பாவ, செருப்ப மோந்து பாக்க வச்சிருப்பாவ. நெஞ்சுல மட்டும் யாரும் கை வச்சிருக்க மாட்டாவ. பத்து நிமிசம் போனதுக்கு அப்புறம் எங்க கையில குடுத்தா நாங்க என்ன செய்ய? பெத்தவகிட்ட என்னன்னு சொல்ல?"

எனக்குக் கண்ணு ஒரு மாதிரி கலங்கிட்டு. காலைப் பனி எனக்கு ஒத்துக்கிடாது.

சரின்னு ஒத்துக்கிட்டேன். ஆனா அக்காவோட வேலை செய்யுறது இருக்கே, அய்யோ! மியூசிக் வேணும்னா, "எதுக்கு?"ம்பாவ. காமெடி வேணும்னா, "எங்க?"ம்பாவ. நிமிசத்துக்கு நூறுலேர்ந்து நூத்தியிருபது தடவை அமுக்கணும், அந்தக் கணக்கு மனசுல நிக்க ஒரு தாளம் வேணும்லா? மாசானத்தோட மாமா நையாண்டி மேளத்துல தவில் அடிக்கிறவர். அவரக் கூட்டிட்டு வந்தேன். மனுசன் கோயில் கொடை விழாவுக்கு அடிக்கிற வேகத்துல அடிக்கார். அக்கா, "அண்ணே, இந்த வேகத்துல அமுக்குனா விழுந்து கிடக்கவன் எந்திரிச்சி சாமியாடிருவான், கொஞ்சம் பைய"ன்னாவ. அவரு பையப் பைய இறக்கி, நூத்திப்பத்துல கொண்டாந்து நிறுத்தினார். அதுக்கு மேல நான் பாட்டுக் கட்டினேன். "அமுக்கு மக்கா அமுக்கு, நடு நெஞ்சுல அமுக்கு, கை மடக்காம அமுக்கு, நூத்தியெட்டு வண்டி வாரவரைக்கும் அமுக்கு." கேட்டிருப்பீயளே? கேக்கலையா? சரி விடுங்க.

அக்கா ஒண்ணு மட்டும் கண்டிசனாச் சொல்லிட்டாவ. ஒவ்வொரு வீடியோ முடிவுலயும், "பாத்தாப் போதாது, வந்து அமுக்கிப் பாரு"ன்னு சொல்லணும், சனிக்கிழமை நேரம் போடணும். போனப் பாத்து நீச்சல் பழக முடியாதுன்னு சொல்லுவாவ. அஞ்சு பேரு வந்த இடத்துல பதினஞ்சாச்சு, நாப்பதாச்சு, பொங்கலுக்கு முன்னாடி அறுபது பேரு. எல்லாம் காலேஜ் பிள்ளைகளும், புதுசா வேலைக்குப் போற பிள்ளைகளும்தான். ஜமுக்காளம் பத்தாம பேனர விரிச்சோம்.

நான் அமுக்கினேனான்னு கேக்கியளா? நான் எங்க அண்ணாச்சி அமுக்க? நான்தான் மைக் பிடிக்கணும், வரிசையா நிக்க வைக்கணும், கேமரா கோணம் பாக்கணும். அக்கா வாராவாரம், "வண்ணா, நீ எப்பல அமுக்கப் போற?"ம்பாவ. "தோள்ல பிடிப்பு அக்கா"ம்பேன். ஊருக்கே சொல்லிக் குடுக்கவனுக்குத் தனியாப் பயிற்சி எதுக்கு?

இப்பதான் கதைக்கு வாரேன். தை பிறந்ததும் எங்க அம்மா எனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டா. பெருமாள்புரத்துலயே ஒரு இடம். பொண்ணு பேரு ஆவுடைச்செல்வி. ஜங்சன்ல ஒரு கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்ணுற வேலை. அம்மா கிடையாது, சின்னதுலயே போயிட்டா. அப்பா சங்கரபாண்டியன், கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். கூட ஒரு அத்தை. அவ்வளவுதான் குடும்பம்.

போகும்போது நான் என் குமரேசன் மாமாகிட்ட என் போனக் குடுத்து, "மாமா, நான் வாசல்ல கால் வைக்கிறதுலேர்ந்து விடாம எடுங்க, 'பொண்ணு பாக்கப் போனேன் மக்கா'ன்னு ஒண்ணு போடணும்"னு சொல்லியிருந்தேன். மாமாவுக்குப் போன் பிடிக்கவே தெரியாது. ஆனா சொன்ன வேலையச் செய்வார். அது மட்டும் உண்டு.

உக்காந்தோம். கேசரி வந்துச்சு. அப்புறம் பொண்ணு காப்பி கொண்டாந்துச்சு. பட்டுச்சேலை, தலை நிறையப் பூவு. என்னயப் பாத்து லேசா ஒரு சிரிப்பு. நான் நினைச்சேன், நம்ம பக்கத்தப் பாக்குற பிள்ளை போலன்னு. டம்ளர நீட்டும்போது மெதுவாக் கேக்குது, "நீங்க 'டக்' சத்தம் வராத ஆளுதான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. அந்தக் கண்ணாடிக்காரி! பொண்ணு பாக்க வாராவன்னு அத்தை கண்ணாடியக் கழட்ட வச்சிருக்கா. வாராவாரம் அறுபது பேர்ல ஒருத்தியா வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. நான்தான் கேமராவையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அவ அப்பா இன்வெர்ட்டர் பேட்டரி பத்தி எங்க மாமாகிட்ட பேசிக்கிட்டே இருந்தாவ. "இருங்க, பேனக் கூட்டி வைக்கேன்"னு எந்திரிச்சாவ. ரெண்டு எட்டு வச்சாவ. அப்படியே மரம் சாஞ்ச மாதிரி சாஞ்சிட்டாவ.

வீடு ரெண்டாயிட்டு. அத்தை, "காக்கா வலிப்பு! சாவியக் கொண்டாங்க!"ன்னு கத்துதா. எங்க அம்மா, "வெங்காயத்த நசுக்கி மூக்குல வையுங்க"ங்கா. கூட வந்த கல்யாணத் தரகர், "காத்து வரட்டும், காத்து வரட்டும்"னுக்கிட்டே அவரு வெளிய போயிட்டார். அந்தப் பிள்ளை காப்பித் தட்டக் கீழ வச்சா. சேலையச் செருகினா. அப்பா தோள ரெண்டு கையாலயும் தட்டி, "அப்பா! அப்பா!"ன்னா. பதில் இல்ல. நெஞ்சப் பாத்தா. அத்தை, "மூச்சு இருக்குட்டி, வாயத் திறக்கார் பாரு"ங்கா. கரையில போட்ட மீனு மாதிரி வாயி தொறந்து தொறந்து மூடுது. அதப் பாத்துட்டு, "அது மூச்சு இல்ல அத்த"ன்னா. குரல் நடுங்கவே இல்ல. கைய வச்சி அமுக்க ஆரம்பிச்சிட்டா.

இப்ப நீங்க வீடியோவுல பாத்தீயள்லா, நான் தட்டோட நிக்குறது. அது பதினாலு செகண்டு. மக்கள் எண்ணியே போட்டிருக்காவ. ஆனா ஒரு விசயம் யாருக்கும் தெரியல. சி.பி.ஆர்.ல முதல் பாடம் என்ன? சுத்துப்புறம் பாதுகாப்பா இருக்கான்னு பாக்கணும். கரண்டு கம்பி கிடக்கா, மேலருந்து ஏதாவது விழுமா. நான் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அவதான் கத்தினா, "கேசரியக் கீழ வையுங்க! நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க!" ஆமா, சத்தம் தெளிவாக் கேக்கும் வீடியோவுல. என் போன் மாமா கையில. மாமா பித்துப் பிடிச்ச மாதிரி எடுத்துக்கிட்டே நிக்கார். எங்க அம்மா போன வாங்கிப் போட்டேன், ஸ்பீக்கர்ல. விலாசம் சொன்னேன். எண்ணிக்கிட்டே அமுக்குதா, வளையல் ஒவ்வொண்ணா உடைஞ்சி தெறிக்குது. ரெண்டு நிமிசம் ஆச்சு. "மாறுங்க"ன்னா.

அண்ணாச்சி, உங்ககிட்ட சொல்லுதேன், யார்கிட்டயும் சொன்னது இல்ல. முட்டி போட்டுட்டேன், கை வரல. அது பொம்மை இல்ல. சட்டைக்குள்ள சூடு இருக்கு. காலையில சவரம் பண்ணின சோப்பு வாசம் அடிக்கு. இந்த மனுசர் செத்துட்டா என் கைக்குக் கீழதான சாவாருன்னு ஒரு நினைப்பு. முப்பத்தெட்டாயிரம் பேருக்குச் சொல்லிக் குடுத்தவன் அப்படியே உறைஞ்சி கிடக்கேன்.

அவ என் கையப் பிடிச்சி அவ அப்பா நெஞ்சுல வச்சா. "பாட்டு நீங்க கட்டினதுதான? பாடுங்க"ன்னா.

பாடினேன். வாய்க்குள்ளதான். அமுக்கு மக்கா அமுக்கு. "இன்னும் ஆழமா. கைய மடக்காதீய"ங்கா. ஆழமா அமுக்கினேன். கைக்கடியில 'களுக்'குன்னு ஒண்ணு உடைஞ்சுது. நான் கைய எடுத்துட்டேன். "எலும்பு போனாப் போவட்டும், நிறுத்தாதீய!"ன்னு போட்டா பாருங்க ஒரு சத்தம். அதுக்கு அப்புறம் நிறுத்தல. அவ ரெண்டு நிமிசம், நான் ரெண்டு நிமிசம், அவ ரெண்டு, நான் ரெண்டு. தோள்ல பிடிப்பு இருக்கான்னு யோசிக்கக் கூட நேரம் இல்ல. பதினோராவது நிமிசம் வண்டி வந்துச்சு. வந்தவங்க மிசினு வச்சி ஷாக்கு குடுத்தாவ. ரெண்டாவது ஷாக்குல துடிப்பு திரும்பிட்டு. முப்பது வருசம் கரண்டுக் கம்பியில கை வச்சும் ஒண்ணும் ஆகாத மனுசர், கடைசியில கரண்டு குடுத்துத்தான் பிழைச்சாவ!

இப்ப என் ஆத்தாமையச் சொல்லுதேன் கேளுங்க. அவ அமுக்குறது வீடியோவுல இருக்கு. நான் தட்டோட நிக்குறது இருக்கு. நான் முட்டி போட்டு அமுக்குறது எங்க? இல்ல. என்னன்னு பாத்தா, சரியா நான் குனியிற நேரத்துல போன்ல இடம் இல்லன்னு ரெக்கார்டிங் நின்னு போச்சு. செல்போன் கடைக்காரன் போன்ல இடம் இல்ல! நாலு வருசமா எடுத்த என் மூஞ்சிதான் பூரா அடைச்சிக்கிட்டு கிடக்கு. மாமாவுக்கு அதுவும் தெரியல, நின்னுபோன போனையே ஒம்போது நிமிசம் பிடிச்சிக்கிட்டு நின்னிருக்கார்.

மூணாம் நாளு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதயத்துல அடைப்பு எடுத்து ஸ்டென்ட்டு வச்சிருக்கு. மூணு விலா எலும்பு உடைஞ்சிருக்கு. "இதுல எது யாரு உடைச்சது தம்பி?"ன்னு சங்கரபாண்டியன் சார் கேட்டாவ. "ஒண்ணு என்னோடது சார், ரெண்டு உங்க மகளோடது"ன்னேன். சிரிக்கப் போயி வலி தாங்காம நெஞ்சப் பிடிச்சிக்கிட்டாவ. கூட வந்திருந்த ஜெபக்கனி அக்காதான் மெதுவாக் கேட்டாவ, வீடியோவப் பாடத்துக்குப் போட்டுக்கிடலாமான்னு. "தாராளமாப் போடுங்க. என் வேட்டி விலகின இடத்த மட்டும் வெட்டிருங்க"ன்னாவ. என் முதுக வெட்டச் சொல்லி யாருக்கும் தோணல.

கல்யாணமா? அது எங்க நடக்க. எங்க அம்மா, "பொண்ணு பாக்கக் காலு வச்ச அன்னைக்கே அப்பன் நெஞ்சு நின்னுபோச்சு, சகுனம் சரியில்ல"ன்னுட்டா. அங்க அந்த அத்தை, "மாப்பிள்ளை வீட்டார் காலு வச்ச நேரம்"னு எங்க அம்மாவுக்கு மேல ஒரு படி. தரகர் வந்து ரெண்டு பக்கமும் ஜாதகத்தத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார். நான் என்ன சொல்ல?

அந்த வாரம் சனிக்கிழமை யாரும் வாரதுக்கு முன்னாடி பூங்காவுக்குப் போனேன். அக்கா ஜமுக்காளம் விரிச்சிக்கிட்டு இருந்தாவ. நான் போன உடனே முட்டி போட்டு அமுக்கினேன். 'டக்'. ரெண்டு நிமிசமும் 'டக்'குதான். அக்கா என் முதுகுல ஒரு தட்டு தட்டிட்டு, இன்னொரு பொம்மைய எடுக்கப் போயிட்டாவ.

அதுலேர்ந்து ஏழு மாசமா நானும் ஆவுடையும் சேந்துதான் வகுப்பு எடுக்கோம். காலேஜ் காலேஜாப் போறோம். நான் முதல்ல பேசிச் சிரிக்க வைப்பேன், அவ அமுக்கிக் காட்டுவா, அப்புறம் ரெண்டு பேருமா ஒவ்வொரு பிள்ளையாப் பக்கத்துல உக்காந்து கைய நீட்டச் சொல்லித் திருத்துவோம். நல்ல பிள்ளை அண்ணாச்சி. எனக்கு ஃப்ளாஸ்க்குல சுக்குக்காப்பி கொண்டு வருவா, மைக் பிடிச்சிப் பிடிச்சி தொண்டை கட்டுதுல்லா. அதுக்குள்ள அவளுக்கு மூணு இடம் வந்துட்டு. மூணையும் வேண்டாம்னுட்டா. ஏன்னு கேட்டேன். "சனிக்கிழமை லீவு கிடையாதாம் அவங்களுக்கு"ங்கா. இதெல்லாம் ஒரு காரணமா?

அவ அப்பாவும் வாராவ இப்ப. பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாவ. போன வாரம் வகுப்பு முடிஞ்சி நான் பேனரச் சுருட்டிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து நின்னு சொல்லுதாவ, "தம்பி, சகுனம் சரியில்லங்காவ. நான்தான் உசிரோட நிக்கேனே, அதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" நானும் "ஆமா சார்"ன்னேன். மனுசன் சாவப் பாத்துட்டு வந்துட்டா இப்படித்தான், பொதுவா ஏதாவது தத்துவம் பேசுவாவ.

நேத்து நடந்ததத்தான் என்னால தாங்கவே முடியல. ஒரு காலேஜ்ல வகுப்பு. எண்பது பிள்ளைக. அவ முட்டி போட்டு அமுக்க ஆரம்பிச்சா, பிள்ளைக சத்தமா எண்ணுது. நான் பக்கத்துல குனிஞ்சி, "ஆவுடை, நாளைக்குத் தென்காசிக்குப் பொண்ணு பாக்கப் போறேன், சனிக்கிழமை வர கொஞ்சம் பிந்தும்"னு ஒரு தகவலாச் சொன்னேன். சொல்லணும்லா? கூட வேலை செய்யுத ஆளு. "அப்படியா. நல்லது"ன்னா. அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் அமுக்குனா பாருங்க ஒரு அமுக்கு! முப்பது ஆச்சு, நூறு ஆச்சு, நிறுத்த மாட்டங்கா. பிள்ளைக எண்ணி எண்ணிக் களைச்சிப் போச்சு. இருநூத்திப் பன்னெண்டாவது அமுக்குல 'படார்'னு ஸ்பிரிங்கு ஒடிஞ்சி போச்சு. ஆறு சென்டிமீட்டருக்கு மேல அமுக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறவ அண்ணாச்சி அவ! அதுல இன்னொரு கூத்து, பொம்மைய உடைச்சது அவ, ஜெபக்கனி அக்கா முறைச்சது என்னய! "உனக்கு நெஞ்சு எங்க இருக்குன்னு சொல்லிக் குடுத்தும் புரியல"ன்னாவ. எனக்கா புரியல? நான்தான் இப்ப கண்ண மூடிக்கிட்டு கை வைப்பேனே!

காலையிலேர்ந்து ஆவுடைக்கு நாலு தடவை போன் போட்டுட்டேன், எடுக்க மாட்டங்கா. எந்தச் சட்டை போடன்னு கேக்கத்தான்.

என்ன அண்ணாச்சி, ஏன் தலையில அடிச்சிக்கிடுதிய? தலைவலியா?

என்ன சொல்லுதிய... சங்கரபாண்டியன் சார் சொன்னது எனக்கா? பொதுவாச் சொல்லலையா? அந்த மூணு மாப்பிள்ளை... சனிக்கிழமை லீவு...

இல்ல, இருங்க. செத்த இருங்க.

அந்த ஸ்பிரிங்கும் எனக்கா?

இது எந்த ஊரு? ஆலங்குளமா? கண்டக்டர் அண்ணே! அண்ணே, பெல் அடிங்க, ஆள் இறங்கணும்! தென்காசிக்கு டிக்கெட் எடுத்தேன், தெரியும் அண்ணே, அது கிடக்கட்டும். கொஞ்சம் காலை எடுங்க அண்ணாச்சி. பை? பை மேல இருக்கு, அந்தப் பச்சைப் பை, ஆங், குடுங்க. திருநெல்வேலி போற வண்டி எதுத்தாப்புலதான நிக்கும்?

நீங்க என்னமோ நினைச்சிச் சிரிக்கிய. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. நாளைக்குச் சனிக்கிழமை, அறுபது பேரு வருவாவ, ஒரு பொம்மைய வச்சிக்கிட்டு என்ன செய்ய? அத இன்னைக்கே சரி பண்ணணும்லா.

அண்ணாச்சி, ஒரே ஒரு உதவி. தென்காசி பஸ் ஸ்டாண்டுல ஊதாச் சேலை கட்டி, கையில பூப்பொட்டலத்தோட ஒரு அம்மா நிப்பாவ. எங்க அம்மாதான், காலையிலேயே மாமாவோட போயிட்டா. பாத்தீயன்னா சொல்லிருங்க, பால்வண்ணன் ஸ்பிரிங்கு வாங்கப் போயிருக்கான்னு.